இன்னிசை: குழுவினர்

கடந்த மாதம் கொழும்பில் நடைபெற்ற நூல் வெளியீட்டு விழா ஒன்றில் எங்கள் இசைக்குழு நாற்பது நிமிடங்கள் வாசித்தது. அதன் அழைப்பிதழ் இப்போதும் என் மேசையில் கிடக்கிறது. தலைமை வகிப்பவர், பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர்கள், மங்கல விளக்கேற்றுவோர், வரவேற்புரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்று பதினேழு பெயர்கள் பட்டங்களோடும் பதவிகளோடும் அச்சாகியிருக்கின்றன. எங்கள் பாடகியின் பெயரும் உண்டு. அதற்குக் கீழே கடைசி வரி: இன்னிசை – குழுவினர். அந்தக் குழுவினருள் நானும் ஒருவன். பேஸ் கிற்றார் வாசிப்பவன்.

அரசியல் பத்தி எழுதுபவனாக மட்டுமே என்னை அறிந்த வாசகர்களுக்கு இது வியப்பாக இருக்கக்கூடும். மூன்று தசாப்தங்களுக்கு மேலாகப் பத்திரிகைத்துறையில் இருப்பவனுக்கு இது எதற்கு என்று வீட்டிலும் கேட்டார்கள், அலுவலகத்திலும் கேட்டார்கள். நாற்பது வயதைத் தாண்டிய பின்னர், 2011ஆம் ஆண்டில், நண்பர்கள் நால்வருடன் சேர்ந்து தொடங்கிய குழு இது. பாடகி வங்கியொன்றில் பணிபுரிகிறார். கீபோட் வாசிப்பவர் ஆசிரியர். கிற்றார் வாசிக்கும் தம்பி கணினித்துறையில் இருக்கிறார். எங்களுக்கென்று பதினொரு பாடல்கள் இருக்கின்றன. எல்லாம் நாங்களே எழுதி இசையமைத்தவை. சினிமாப் பாடல்களை நாங்கள் வாசிப்பதில்லை. எங்களுக்கு மேடைகள் குறைவாகக் கிடைப்பதற்கு அதுவே முதற் காரணம். இத்தனை ஆண்டுகளில் முப்பது மேடைகளைக்கூட நாங்கள் கண்டதில்லை.

சனிக்கிழமை காலைகளில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் வாகனத் தரிப்பிடத்தில் ஒத்திகை நடக்கும். பழைய மெத்தைகளைச் சுவரோடு சாய்த்து வைத்துத்தான் வாசிப்போம். பக்கத்து வீட்டு அம்மா பன்னிரண்டு மணிக்கு மேல் அனுமதிக்கமாட்டார். மேடை கிடைக்கும் நாட்களில் கிற்றாரை முதுகிலும், ஒலிபெருக்கிப் பெட்டியை மடியிலும் வைத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் போவேன். எல்லோருக்கும் முன்னதாகப் போய், எல்லோருக்கும் பின்னதாக வருவது இந்த வாத்தியத்தின் விதி. அதன் பெட்டிதான் மிகப் பாரமானது. ஊதியம் என்று பெரும்பாலும் எதுவும் இல்லை. தேநீரும் வடையும் தருவார்கள். பொன்னாடை பாடகிக்குப் போகும்.

2022ஆம் ஆண்டின் மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலங்கள் மின்சாரம் தடைப்பட்டபோதும் நாங்கள் ஒத்திகையை நிறுத்தவில்லை. மற்றவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். மின்சாரம் இல்லாவிட்டால் பேஸ் கிற்றார் ஊமை. அதன் மரத்தில் தாடையை வைத்து அழுத்திக்கொண்டால் சுருதி எலும்பினூடாக வாசிப்பவனுக்கு மட்டும் கேட்கும். அப்படித்தான் இரண்டு மாதங்கள் வாசித்தேன். அவ்வாண்டு டொலரின் விலை இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனதில் தந்திகளை மாற்றுவதைக் கைவிட்டேன். அவ்வாண்டு முடிவதற்குள் எங்கள் ட்ரம்ஸ் கலைஞர் குடும்பத்தோடு கனடா சென்றுவிட்டார். வேறொரு இளைஞர் வந்து சேர்ந்தார். அவரும் கடவுச்சீட்டை எடுத்து வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

நான்கு தந்திகளைக் கொண்ட இந்த வாத்தியத்தைப் பற்றி ஓரிரு வார்த்தைகள் சொல்லவேண்டும். ஆளுயரத்துக்கு மேற்பட்ட டபிள் பேஸைத் தூக்கித் திரிந்தவர்களுக்கு மாற்றாக, 1951இல் அமெரிக்கரான லியோ ஃபெண்டர் தோளில் மாட்டக்கூடிய மின் பேஸ் கிற்றாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவருக்கே கிற்றார் வாசிக்கத் தெரியாது என்பது ஒரு வேடிக்கை. அதன் தடித்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 தடவைகள் அதிர்கிறது. கைத்தொலைபேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியால் அந்த ஒலியை வெளியிட முடியாது. ஆகவே எங்கள் நிகழ்ச்சிகளின் காணொளி வட்ஸ்அப் வழியாக இலண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் போகும்போது, நான் மேடையோரத்தில் எதையோ தடவிக்கொண்டு சும்மா நிற்பதாகவே உறவினர்களுக்குத் தெரிகிறது. “நீர் வாசிக்கவே இல்லையே, ஏன் நிண்டனீர்?” என்று மைத்துனர் ஒருவர் கேட்டிருந்தார். காதுக்குள் செருகும் கருவியோடு கேட்கும்படி பதில் அனுப்பினேன்.

எனக்கு இந்த வாத்தியத்தைக் கற்றுத்தந்தவரைப் பற்றிச் சொல்வதற்காகவே இக்கட்டுரையைத் தொடங்கினேன்.

1970களில் இலங்கையில் தமிழ்ப் பொப்பிசை தழைத்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள். 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்திய காலம் அது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவர்கள் பைலாத் தாளத்தில் தமிழைப் பாடினார்கள். வானொலி அவற்றை ஒலிபரப்பியது. சினிமாவின் நிழலில் நில்லாமல் தமிழில் சொந்தமாகப் பாடல் செய்தவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தவர்களுள் பெரும்பாலானோர் பகலில் கந்தோர்களில் வேலை பார்த்தவர்கள். எழுதுவினைஞராக இருந்த ஒருவர் அத்தகைய மேடைகளில் பேஸ் கிற்றார் வாசித்தார். நான் அவரைச் சந்தித்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார். எல்லோரும் அவரைப் பேஸ் அண்ணை என்றார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

இரண்டு ஆண்டுகள் ஞாயிறு மாலைகளில் அவருடைய வீட்டுக்குப் போனேன். முதல் ஆறு மாதங்கள் ஒரே தந்தியில் ஒரே சுருதியைத் தாளத்தோடு வாசிக்க வைத்தார். “தம்பி, பாடுறவையைப் பார்க்காதையும். ட்ரம்ஸ்காரன்ரை வலது காலைப் பாரும். அந்தக் கால் விழேக்கை உம்மடை விரலும் விழவேணும்” என்பார். இன்றுவரை மேடையில் நான் பார்ப்பது அந்தக் காலைத்தான். பைலாவின் ஆறெழுத்து ஓட்டத்தில் எங்கே வாசிக்கவேண்டும் என்பதைவிட எங்கே வாசிக்காமல் விடவேண்டும் என்பதையே அவர் அதிகம் சொல்லித்தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். பத்திரிகை மட்டும் கொண்டுவரச் சொல்வார்.

2018 ஜனவரியில் ஏ.ஈ. மனோகரன் சென்னையில் காலமானார். அன்றிரவே ஒரு நினைவுக் கட்டுரை எழுதும்படி ஆசிரியபீடத்தில் கேட்டார்கள். நான் பேஸ் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு மணித்தியாலம் பேசினார். அந்நாளைய மேடைகள், ஒலிப்பதிவுகள், இரவு பஸ்ஸைத் தவறவிட்ட கதைகள் எல்லாம் சொன்னார். கட்டுரையின் உயிரான பகுதிகள் அவர் தந்தவை. அவற்றை நான் எப்படி எழுதினேன் தெரியுமா? “அக்கால இசைக்கலைஞர் ஒருவர் நினைவுகூர்ந்தார்.” இடநெருக்கடி என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவன்று. அவருடைய முழுப்பெயர் எனக்குத் தெரியாது. நள்ளிரவில் மறுபடி தொலைபேசி எடுத்துக் கேட்க வெட்கமாக இருந்தது. அடுத்த ஞாயிறு போனபோது, “நல்லா எழுதியிருக்கிறீர் தம்பி” என்றார். அந்தப் பக்கத்தை நான்காக மடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

2019ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஓரிரவு. ஒப்புநோக்குநர் விடுமுறையில் இருந்தமையால் மரண அறிவித்தல் பக்கத்தை நானே பார்க்கவேண்டியிருந்தது. பருத்தித்துறையைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையாக இருந்தது. திருத்தினேன். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று வழமையான வாசகங்கள். பக்கம் அச்சுக்குப் போயிற்று. மூன்று வாரங்கள் கழித்துப் பத்திரிகையோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோதுதான் நான் திருத்தியது எவருடைய பெயரை என்பது தெரிந்தது. கனத்தை மயானத்தில் தகனம் நடந்த நேரம் நான் ஒரு செய்தியாளர் மாநாட்டில் இருந்தேன்.

அந்த அறிவித்தலில் அவர் ஒரு கிற்றாரைத் தொட்டவர் என்பதற்கான தடயமே இல்லை. பின்னர் எங்கள் பத்திரிகையின் பழைய கோவைகளைப் புரட்டினேன். பாடகர்களின் பெயர்கள் கிடைத்தன. விருந்தினர்களின் பெயர்கள் கிடைத்தன. அவருடைய பெயர் ஓரிடத்திலும் கிடைக்கவில்லை. பின்னைய ஆண்டுகளின் கோவைகளில் நானே எழுதிய நிகழ்வுச் செய்திகள் எத்தனையோ இருந்தன. எல்லாவற்றிலும் “குழுவினர் பின்னணி இசை வழங்கினர்” என்றே முடித்திருக்கிறேன். அழைப்பிதழைக் குறைகூற எனக்கு எவ்வளவு உரிமை உண்டு என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்கட்டும்.

இது எங்கும் உள்ளதுதான் என்பார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஜேமர்சன் 1960களில் மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு ஒற்றை விரலால் பேஸ் வாசித்தார். அந்நிறுவனத்தின் இசைத்தட்டு உறைகள் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது 1971இல், மார்வின் கேயின் தொகுப்பொன்றில். 1983இல் நாற்பத்தேழு வயதில் இறந்துபோனார். 2000ஆம் ஆண்டிலேயே அவருக்குப் பெரிய கௌரவம் கிடைத்தது. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிற்றார் பாடகருக்குச் சமமாக இன்னொரு பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும். அவற்றை மனப்பாடமாக முணுமுணுப்பவர்களுள் எத்தனை பேருக்கு சசிதரன் என்ற பெயர் தெரியும்? கீத் பீற்றர்ஸ் என்ற பெயரை நான் அறிந்தது ஏ.ஆர். ரஹ்மானின் வெளியீடொன்றின் உறையில் இருந்து. வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிடும் வழக்கத்தை ரஹ்மான் கைக்கொண்டதால்தான் அது என் கண்ணில் பட்டது.

ஆனால் நமக்கு இது தெரியாத விடயம் அல்ல என்பதே என் வாதம். பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழைப் பாருங்கள். அணிசெய் கலைஞர்கள் என்று தலைப்பிட்டு நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் என ஒவ்வொருவரின் பெயரும் இருக்கும். பக்கவாத்தியக்காரரின் பெயரில்லாத கச்சேரி விளம்பரத்தை நான் கண்டதில்லை. தவில் மேதை தட்சணாமூர்த்தி மறைந்தது 1975இல். நாதஸ்வரத்துக்குத் துணையாக வாசித்த அந்தத் தவிலைக் கேட்பதற்கென்றே ஊர்விட்டு ஊர் போனவர்களின் பிள்ளைகள் நாம். வாத்தியம் மேலைத்தேயத்தது, தோளில் தொங்குவது என்றவுடன் அதை வாசிப்பவர் வாடகைக் கதிரைகளோடு சேர்த்து எண்ணப்படுகிறார். சாஸ்திரிய இசைக்கு மரியாதை, மெல்லிசைக்குப் பொழுதுபோக்கு என்ற நம் பழைய பாகுபாடுதான் இதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஐந்து பெயர்களை ஒலிவாங்கியில் வாசிக்கப் பதினைந்து விநாடிகள் போதும். மேலே சொன்ன விழாவில் பிரதம விருந்தினரின் அறிமுகம் பன்னிரண்டு நிமிடங்கள் நீடித்தது. கேபிள்களைச் சுற்றக் காத்துக்கொண்டு நின்றமையால் எனக்கு நேரம் தெரியும். வெளிநாடுகளில் ஊர்ச் சங்கங்களின் கலைவிழாக்களை நடத்துவோரும் இதைக் கவனத்தில் எடுக்கலாம். அங்கே வேலை முடிந்து பனியில் ட்ரம்ஸ் தூக்கி வருகிற பிள்ளைகளும் ‘குழுவினர்’ ஆகவே இருக்கிறார்கள். எங்கள் பழைய ட்ரம்ஸ் கலைஞர் அப்படித்தான் எழுதுகிறார்.

பேஸ் அண்ணையின் பெயரை இங்கே எழுதியிருக்கவேண்டும். எழுதுவதற்கு அனுமதி கேட்டு அவருடைய மனைவியிடம் போனேன். வேண்டாம் என்றார். “உந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சு அந்த மனுசன் கண்டதென்ன? இப்ப என்னத்துக்குப் பேர்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. தேநீர் தந்து அனுப்பினார்.

அடுத்த மாதம் எங்களுக்கு இன்னொரு மேடை வந்திருக்கிறது. ஐந்து பெயர்களையும் அச்சிட்டால் வருகிறோம் என்று இம்முறை எழுத்தில் கேட்டிருந்தோம். அழைப்பிதழில் இடம் போதாது, குழுவினர் என்று போடுவதாக நேற்று மாலை பதில் வந்தது. போகக்கூடாது என்பது என் நிலைப்பாடு. கீபோட் ஆசிரியரும் என் பக்கம். பாடகியும் கிற்றார் தம்பியும், வருடத்தில் கிடைப்பதே இரண்டு மேடைகள், அவற்றையும் விடுவதா என்கிறார்கள். ட்ரம்ஸ் இளைஞர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை ஒத்திகையில் பேசவேண்டும்.