ஏரியைத் தாண்டிய தணல்

ரொறன்ரோவில் காட்டுத்தீ என்றால் எங்களுக்குப் புகைதான். 2023 ஜூன் கடைசியில், உலகின் மிக மோசமான காற்றுள்ள நகரங்களின் பட்டியலில் நாங்கள் முன்னுக்கு நின்றபோது, ஜன்னலைச் சாத்தி, பிள்ளைகளை வெளியில விடாமல் வைத்திருந்தோம். எரிந்ததோ கியூபெக்கிலும் வட ஒன்ராறியோவிலும். ஆகஸ்டில் கெலோனா செய்தியைப் பார்த்துவிட்டு என் மகள் கேட்டாள்: "அப்பா, நெருப்பு எப்படி ஏரியைக் கடந்தது? பாலத்தாலயா?"

நல்ல கேள்வி. ஒகனாகன் ஏரியின் மேற்குக் கரையில் எரிந்த மக்டூகல் கிரீக் தீ, ஆகஸ்ட் 17 இரவு, அந்த அகலமான ஏரியைத் தாண்டி கெலோனா பக்கமும் பற்றியது. பறந்து வந்தது சுவாலை அல்ல, தணல். காடு எரியும்போது சூடான காற்று தூண் மாதிரி மேலே எழும்பும். மரப்பட்டை, சுள்ளி, பைன் காய் எல்லாம் எரிந்தபடியே அதோடு போகும். பிறகு காற்று அவற்றைத் தள்ளிக்கொண்டு போகும். மிகச் சின்னத் துண்டு தூரம் போகும், ஆனால் வழியிலேயே அணைந்துவிடும். பெரிய துண்டு கனநேரம் எரியும், ஆனால் கிட்டவே விழும். இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் வில்லங்கம்.

2016 மே மாதம் ஃபோர்ட் மக்மரியில் தீ அதபாஸ்கா ஆற்றைத் தாண்டியதும் இப்படித்தான். சுமார் 88,000 பேர் ஊரைவிட்டு வெளியேற, ஏறத்தாழ 2,400 கட்டடங்கள் அழிந்தன. அங்கே எரிந்த வீடுகளையும் தப்பிய வீடுகளையும் ஆலன் வெஸ்ட்ஹேவர் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தார். பெரும்பாலும் வீடுகளை முதலில் பற்றவைத்தது காட்டின் பெருஞ்சுவாலை அல்ல, பறந்து வந்த தணல்தான் என்பது அவருடைய முடிவு.

தணல் எங்கே விழும்? எங்கட ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது சுகம்: சுழல்காற்றில் பனி எந்த மூலையில குவியுதோ, தணலும் அங்கதான் குவியும். டெக்குக்குக் கீழே, படியோரம், கூரை மடிப்பில், சருகு அடைத்த பீலியில். அதனால்தான் ஃபயர்ஸ்மார்ட் கனடா வீட்டைச் சுற்றி முதல் 1.5 மீற்றருக்குள் எரியக்கூடிய எதுவுமே வேண்டாம் என்கிறது. மரத்தூள் பரப்பிய பூப்பாத்தி, சீடார் செடி, விறகு அடுக்கு, எதுவும்தான். காற்றுத் துவாரங்களுக்கு 3 மில்லிமீற்றர் கண்ணுள்ள உலோக வலை போடவும் சொல்கிறது.

அம்மாவுக்கு இதைச் சொன்னபோது விளக்கமே தேவைப்படவில்லை. அவவின் யாழ்ப்பாணத்துக் குசினி கிடுகால் வேய்ந்தது. சோளகக் காத்து வீசுற மாதங்களில், அடுப்புத் தணலுக்குத் தண்ணி தெளிக்காமல் அம்மம்மா படுக்கப் போகமாட்டாவாம்.

ஸ்காபரோ வீட்டுக்கு இதெல்லாம் நாளைக்கே தேவைப்படாது. ஆனால் கோடையில் மஸ்கோகா, கவார்த்தா என்று கொட்டேஜ் எடுக்கிறோம். இரவில் பிள்ளைகளுக்கு மார்ஷ்மலோ சுட நெருப்பும் மூட்டுகிறோம். அங்கே நாங்கள் தணலுக்குத் தப்ப வேண்டிய ஆட்கள் மட்டுமல்ல, அதைப் பறக்கவிடக்கூடிய ஆட்களும்தான். போகமுதல் அந்தப் பகுதியில் நெருப்புத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். காற்று பலமென்றால் மூட்டவே வேண்டாம். படுக்கமுதல் தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி, திரும்பவும் ஊற்றுங்கள். பிறகு புறங்கையைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு வாளி.