பென்சிலும் கங்காணியும்

1980 இல், அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மில்ரன் பிறீட்மன், "தெரிவுச் சுதந்திரம்" என்னும் பொருள்படும் பத்துப் பகுதித் தொலைக்காட்சித் தொடரில் தோன்றினார். பென்சிலொன்றைக் கையிலேந்தி, 'இதனை ஆக்க ஆயிரக்கணக்கானோர் ஒத்துழைத்தனர்; கட்டளையிட்ட அதிகாரி எவருமிலர்; விலையே அவர்களை இணைத்தது' என்றார். அதன் தலையிலுள்ள இறப்பர் மலாயாவினது என்றும், அம்மரம் பிரித்தானிய அரசின் துணையுடன் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததென்றும் கூறினார். இன்றும் அவ்வுரை சந்தைப் பொருளாதாரத்தின் பாலபாடமாகப் போற்றப்படுகிறது.

மரம் வந்த கதை சொன்னவர், மனிதர் வந்த கதையை ஏன் மறந்தார்? 1876 இல் பிரேசிலிலிருந்து எடுக்கப்பட்ட விதை இலண்டன் கியூ பூங்காவில் முளைத்து, இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் சென்றது. பின்னர், காடழிக்கவும் பால்வெட்டவும் தமிழகத்து ஏழைகளைக் கப்பலேற்றியது விலை மட்டுமா? முன்பணக் கடனால் அவர்களைப் பிணித்த கங்காணியும், அவனுக்கு உரிமம் வழங்கிய குடியேற்ற ஆட்சியுமன்றோ! கட்டளையிட எவருமில்லையாம்! விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டவன் யார்?

அம்முறை சந்தையின் இரக்கத்தால் ஒழிந்ததன்று. 1938 இல் இந்திய அரசு விதித்த தடையே அதற்கு முடிவு கட்டியது.

தோட்டத் துரைக்குத் தெரிவுச் சுதந்திரம் இருந்தது. கடனோடு கப்பலேறிய கூலிக்கு எது இருந்தது? பென்சிலின் விலையைப் போற்றுவோர் இதற்கு விடை கூறட்டும்.