நாட்கூலியாய் உழைத்த நாளும் உழைத்த நாளே!

வேலையாளிடம் உழைப்பை வாங்கும்பொழுது அரசாங்கம் நாளுக்கு நாள் எண்ணி வாங்குகிறது. அரைநாள் வராதுவிடின் அரைநாட் கூலியை வெட்டுகிறது. அத்தகைய கணக்குப் பிள்ளை, அவன் இளைப்பாறும் அன்று மாத்திரம் எண்ண மறந்துபோவதேன்?

சத்தீஸ்கர் மாநிலத்தில் நடந்ததை நோக்குவோம். அங்கே நீர்ப்பாசன வேலையில் 1986 இல் நாட்கூலியாய்ச் சேர்ந்தார் ஒரு தொழிலாளி. 22 ஆண்டுகள் கழித்து, 2008 இலேயே அவரை நிரந்தரமாக்கினார்கள். 2011 இல் அவர் இளைப்பாறினார். 25 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர் பணிக்கொடை கேட்டார். அதற்கு அரசாங்கம் அளித்த விடை யாது? "நிரந்தர ஊழியனாய் நீ இருந்தது மூன்றாண்டே, சட்டம் ஐந்தாண்டு கேட்கிறது, ஆகவே உனக்கு ஒன்றுமில்லை" என்பதே!

என்னே நியாயம்! நிரந்தரமாக்குவதை 22 ஆண்டுகள் தாமதித்தவர் யார்? அரசாங்கம். அத்தாமதத்தையே காரணமாய்க் காட்டிக் கொடையை மறுத்தவர் யார்? அதே அரசாங்கம். தான் செய்த தவறே தனக்கு இலாபமாவதை எந்த அறநூல் ஒப்பும்?

இந்தியாவின் 1972 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் நாட்கூலி என்றும் நிரந்தரம் என்றும் ஊழியரைப் பிரிக்கவில்லை. தொடர்ச்சியாக ஐந்தாண்டு சேவை, ஆண்டொன்றுக்கு 15 நாட் கூலி. அவ்வளவே அதன் கணக்கு. அவ்வாறாயின் 25 ஆண்டுக்கு 375 நாட் கூலி. இதனைப் பெறுவதற்கு அத்தொழிலாளி உச்ச நீதிமன்றம்வரை ஏறவேண்டியதாயிற்று. 2018 மார்ச் மாதத்தில் அம்மன்று, நாட்கூலிக் காலமும் சேவைக் காலமே என்று தீர்த்து அவர் பக்கம் நின்றது. அச்சட்டத்தின் இடத்தை 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புக் கோவை பெற்றுவிட்டது. சட்டத்தின் பெயர் மாறலாம், நியாயம் மாறுமா?

"ஒழுங்கான நியமனமின்றி வந்தோர்க்கு உரிமை ஏது?" என வாதிப்போர் உளர். கர்நாடக வழக்கொன்றில் 2006 இல் அதே உச்ச நீதிமன்றம், முறைப்படி தெரிவுசெய்யப்படாத நாட்கூலியாளர் நிரந்தரப் பதவியை உரிமையாகக் கேட்கமுடியாது என்று கூறியதை அவர்கள் எடுத்துக்காட்டுவர். ஆனால், பதவி கேட்பது வேறு. செய்து முடித்த வேலைக்குரிய கொடையைக் கேட்பது வேறு. முன்னது வருங்காலத்தைப் பற்றியது. பின்னது உழைத்துத் தீர்த்த கடந்த காலத்தைப் பற்றியது. இவ்விரண்டையும் குழப்புவது அறியாமையன்று, சூழ்ச்சி.

இது அயல்நாட்டுக் கதைதானே என நம்மவர் ஒதுங்கிவிடலாகாது. நமது நாட்டின் 1983 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் யாது சொல்கிறது? பதினைந்து பேருக்குக் குறையாது வேலைக்கு வைத்திருக்கும் தொழில் கொள்வோர், ஐந்தாண்டு முடித்த மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு அரைமாதச் சம்பளமும், ஏனையோருக்கு ஆண்டுக்கு 14 நாட் கூலியும் கொடுத்தல் வேண்டும் என்கிறது. நாட்கூலியாளன் பணிக்கொடைக்கு உரியவன் என்பதை இலங்கைச் சட்டமே ஏற்றுள்ளது. தோட்டக்காரனுக்கும் ஆலைக்காரனுக்கும் இக்கடமையை விதித்த கை, தன் வாசலில் அதே கடமை வந்து நிற்கும்பொழுது பின்வாங்கலாமா?

கமக்காரருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. உழுத நாளையும் நீர் பாய்ச்சிய நாளையும் தள்ளிவிட்டு, கதிர் அறுத்த நாளுக்கு மாத்திரம் கூலி தருவேன் என்று எவராவது சொன்னால் அவர் களத்தில் யார் காலடி வைப்பார்? கந்தோர் உத்தியோகத்தரும் சிந்திக்கட்டும். அவர்கள் எழுதும் கோப்புகளிலேயே இந்த ஏழைகளின் ஆண்டுகள் காணாமற் போகின்றன.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. அமைய ஊழியராயும் பதிலீட்டு ஊழியராயும் நாட்கூலியாளராயும் உழைத்த காலம் முழுவதும் சேவைக் காலமாய் எண்ணப்படல் வேண்டும். வேலைக்கு வந்த முதல்நாள் நியமனக் கடிதத்திற் பொறிக்கப்படல் வேண்டும். வரவுப் பதிவேடு தொலைந்ததெனில், அதன் நட்டம் ஏட்டைக் காக்கத் தவறிய திணைக்களத்தைச் சாரவேண்டுமேயன்றி உழைத்தவனைச் சாரலாகாது.

பணிக்கொடை பிச்சையன்று, பின்னால் தருவதாய் வைத்துக்கொண்ட கூலி. வைத்ததைக் கொடுக்கட்டும்!