கார்புரேட்டர் பேசுது... காது கொடுங்க!

இந்த வாரம் ஒரு பிரிட்டிஷ் கிளாசிக்... 1962-ல் வந்த எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார். அதோட 1,798 சிசி இன்ஜின், நம்ம அம்பாசடர்ல இருந்த 1,489 சிசி இன்ஜினுக்குப் பங்காளி. ரெண்டுமே பி.எம்.சி. கம்பெனியின் ‘பி-சீரிஸ்’ குடும்பம்!

இந்தக் காரை வாங்கினதும் சிலருக்குக் கை பரபரக்கும். ஒரிஜினலா வந்த ரெண்டு எஸ்.யூ. கார்புரேட்டரையும் கழற்றிட்டு, வெபர் மாட்டணும்! அவசரப்படாதீங்க பாஸ். வெபர்ல ஜெட், வென்ச்சுரி எல்லாத்தையும் இன்ஜினுக்கு ஏத்தபடி தேடித் தேடி மாத்தணும். ரேஸுக்கு ஓகே. ரோட்டுக்கு எஸ்.யூ. போதும். இன்ஜின் இழுக்கும் காத்துக்கு ஏத்தபடி உள்ளே ஒரு பிஸ்டன் தானா உயரும். அதோட கூர்மையான ஊசியும் ஜெட்டிலிருந்து மேலே வர, பெட்ரோல் கூடும். அவ்ளோதான் மேட்டர்!

டியூனிங்? முதல்ல வால்வு இடைவெளி, இக்னிஷன் டைமிங்கை சரி பண்ணுங்க. இன்ஜின் சூடானதும், ரப்பர் குழாயைக் காதுல வெச்சு ரெண்டு கார்புரேட்டரின் ‘ஸ்ஸ்’ சத்தமும் சமமா இருக்கான்னு கேளுங்க. அப்புறம் ஐடிலிங்கில் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மியா தூக்குங்க. வேகம் ஏறி அப்படியே நின்னா, பெட்ரோல் அதிகம். ஜெட் நட்டை மேலே ஏத்துங்க. தடுமாறி அணைஞ்சா, கம்மி, கீழே இறக்குங்க. லேசா ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தா... சூப்பர்!

பெட்ரோல் மிச்சம்னு கம்மியாவே விட்டுடாதீங்க. சூடு எகிறி வால்வு கருகும், பிஸ்டன் ஓட்டையாகும். மைலேஜ் ஆசையில இன்ஜினுக்கே உலை வெச்ச கதைதான்!