தரங்கம்பாடிக்கு ரயில்வே பட்ட கடன்

மே மாதம் பிறந்தால் நம் மாட்டுங்கா, செம்பூர், தாராவிக் குடும்பங்களில் ஒரே பேச்சு: ஊருக்கு டிக்கெட் கிடைத்ததா? ஊருக்குப் போனால் கோயில், கல்யாணம், உறவினர் வீடு. கடற்கரை என்றால் மட்டும் நம் பிள்ளைகளுக்கு அலிபாக்கும் கோவாவும்தான் தெரிகிறது. ரயில்வேயில் தண்டவாளத்தோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். என் சிபாரிசு தரங்கம்பாடி.

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதி பெற்று டென்மார்க் வணிகர் கட்டிய கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். 1718-ல் எழும்பிய புதிய எருசலேம் ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அதற்கெல்லாம் முந்தியது பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். அதில் ஒரு பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 1845-ல் டேனியர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

பிறகு நடந்ததில் என் இலாகாவுக்கும் பங்குண்டு. 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. வியாபாரமும் அங்கே போயிற்று. தரங்கம்பாடிக்கு மாயவரத்திலிருந்து மீட்டர் கேஜ் பாதை வந்ததோ 1926-ல்தான். சிறுவயதில் அந்த வண்டியில் போயிருக்கிறேன். வயல்கள் முடிந்து உப்புக்காற்று முகத்தில் அடித்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். 1986-ல் அதையும் மூடிவிட்டார்கள். இன்று மயிலாடுதுறையில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

"நஷ்டத்தில் ஓடும் பாதை எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பணியில் இருந்தபோது நானும் அப்படித்தான் கணக்குப் பார்த்தேன். ஆனால் பக்கத்திலேயே பேரளம்–காரைக்கால் பாதையும் 1980-களில் மூடப்பட்டதுதான். அது இப்போது அகலப் பாதையாக மீண்டும் போடப்பட்டிருக்கிறது. மூடிய பாதை மூடியதுதான் என்று சட்டம் ஏதும் இல்லை.

ரயில்வேக்குப் புரியும் பாஷை ஒன்றுதான்: பயணிகளின் எண்ணிக்கை. ஆகவே அன்பர்களே, அடுத்த விடுமுறையில் ஒரு நாளைத் தரங்கம்பாடிக்கு ஒதுக்குங்கள். பேரப்பிள்ளைகளுக்குக் கோட்டையைக் காட்டுங்கள், அச்சுக்கூடத்தின் கதையைச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் ரயில்வேக்கு ஒரு மனு எழுதுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.