காது குத்துமுன்

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்குப் பேர் பெற்றது. அவ்வூர்க் கடைவீதியிலேயே நாம் குழந்தைக்கு மலிவான கவரிங் தோடு வாங்கி மாட்டி மகிழ்கிறோம்! அந்த மினுக்குப் பூச்சின் கீழே பல சமயம் நிக்கல் என்னும் உலோகம் இருக்கும். கோடை வியர்வையில் அது கரைந்து, குத்திய காதின் பச்சைப் புண் வழியே உட்புகுந்தால், சரீரம் அதைப் பகையாகக் கொள்ளும். அப்பகை பெரும்பாலும் ஆயுள் முழுதும் தீராது. பிறகு உலோகப் பொத்தான் பட்ட இடத்திலும் அரிப்பு, தடிப்பு, நீர்க்கசிவு. ஐரோப்பியர் 1994-ஆம் ஆண்டில் நகைகளில் நிக்கலைக் கட்டுப்படுத்திச் சட்டம் செய்தனர். நம் பாட்டிமாரோ தட்டாரைக் கொண்டு பொற்கம்பியால் காது குத்தினர். அதைப் பத்தாம்பசலி என்று நகைத்தோமே! குன்றிமணியளவாயினும் 22 காரட் பொன்னே இருக்கட்டும். தடிப்புக் கண்டால் தோட்டைக் கழற்றிவிட்டுத் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். மஞ்சளை அப்பிக் காத்திருக்க வேண்டாம்.