சிற்றூரின் சுமை யார் கடன்?

அரசின் கட்டுப்பாடு நீங்கினாலும் சந்தை எவரையும் கைவிடாது என வாதிடுவோர், ஐக்கிய அமெரிக்காவின் லொறித் தொழிலைச் சான்றாகக் காட்டுவர். அச்சான்று உண்மையில் எதனை நிறுவுகின்றது என்பது ஆராயப்படல் வேண்டும்.

1935ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டில் மாநில எல்லை கடந்த லொறிப் போக்குவரத்தை வர்த்தக ஆணைக்குழுவொன்றின் அதிகாரத்துக்கு உட்படுத்திற்று. தொழிலில் இறங்குவதற்கும், செல்லும் பாதைக்கும், ஏற்றும் பண்டத்துக்கும் அனுமதி வேண்டியிருந்தது. 1980 யூலை 1ஆம் திகதி ஜனாதிபதி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம் இக்கட்டுகளைப் பெரிதும் தளர்த்தியது. பெருநிறுவனங்களும் டீம்ஸ்டேர்ஸ் தொழிற்சங்கமும் அதனை எதிர்த்தன. பெருநகரப் பாதைகளின் இலாபமே சிற்றூர்ச் சேவையின் நட்டத்தை ஈடுசெய்கின்றது. போட்டி வந்தால் சிற்றூர்கள் கைவிடப்படும் என்பது எதிர்த்தோர் வாதம்.

அவ்வாதம் பொய்த்தது. பின்னர் நடந்த ஆய்வுகள் சிற்றூர்ச் சேவையில் பொதுவான வீழ்ச்சியைக் காணவில்லை. ஆனால் அது சந்தையின் கருணையால் விளைந்ததன்று. பழைய ஒழுங்கிலும் சேவைக் கடப்பாடு பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்தது. இலாபமற்ற ஊர்களை நிறுவனங்கள் முன்னரே தவிர்த்து வந்தன. சிற்றூர் வணிகர் பலர் பொதி விநியோக நிறுவனங்களையும் சொந்த லொறிகளையுமே நம்பியிருந்தனர். இழப்பதற்கு அதிகம் இல்லாதோர் அதிகம் இழக்கவில்லை என்பதைச் சந்தையின் வெற்றியெனக் கொண்டாடுவது எங்ஙனம் பொருந்தும்?

இழப்பதற்கு ஏதேனும் இருந்தவிடத்து நடந்தது வேறு. பயணிகளோடு சிறு பொதிகளையும் ஏற்றிச் சென்ற பேருந்துகள் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டுப்பாட்டினின்று விடுபட்டன. உடனடியாகவே பல சிற்றூர்கள் தம் பேருந்துச் சேவையை இழந்தன. விமானத்துறையிலோ 1978ஆம் ஆண்டுச் சட்டம் முன்னெச்சரிக்கையுடன் நடந்தது. சிறு ஊர்களுக்கான இன்றியமையாச் சேவைக்கு அரசு மானியம் வழங்க அது வகை செய்தது. அம்மானியம் இன்றும் தொடர்கின்றது. சந்தை தானாகவே சிற்றூரைப் பேணுமாயின் இம்மானியம் எதற்கு?

1980ஆம் ஆண்டு லொறிச் சட்டமும் சிற்றூர்ச் சேவையைப் பேணுதலைத் தன் கொள்கைகளுள் ஒன்றாகக் கூறிற்று. ஆயின் அதற்கென விமானத்துறையிற்போல் நிதி எதனையும் ஒதுக்கவில்லை. கொள்கை வாசகம் லொறியை ஓட்டாது.

அரைப்பார உரமூடையோடு தொலைவிலுள்ள ஊருக்குச் சென்று வெறுமையாகத் திரும்பும் லொறிக்கு எவரேனும் விலை கொடுத்தேயாக வேண்டும். அவ்விலையைப் பெருநிறுவனங்களின் கட்டணத்துள் ஒளித்துவைத்தது பழைய ஒழுங்கு. சிற்றூரின் தலையில் சுமத்துவது புதிய ஒழுங்கு. இரண்டும் நீதியல்ல. ஊருக்குப் பண்டம் சென்றடைவது பொதுக் கடன் எனின், அது சட்டத்தில் கடப்பாடாகவும் வரவு செலவுத் திட்டத்தில் தொகையாகவும் வெளிப்படையாக எழுதப்படல் வேண்டும்.